தூக்க மாத்திரைக்குப் பழகியவர் மருந்துக்கடைக்கு வரும்போது

"சீட்டு வீட்டுல மறந்துட்டேன், பத்து மாத்திரை மட்டும் கொடுங்க." கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எல்லோரும் கேட்ட வாசகம் இது. சிலர் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சிலர் எதுவும் கேட்காமல் "இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது ஆளைத்தான் எல்லோரும் பொறுப்பானவர் என்பார்கள். ஆனால் எதிரே நிற்பவர் இரண்டு வருடமாகத் தினமும் அல்பிரசோலாம் (பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் எடுக்கும் மாத்திரை) எடுப்பவராக இருந்தால், அந்த "இல்லை" அவரை நாளையோ மறுநாளோ வலிப்பில் கொண்டுபோய் விடலாம். சட்டப்படி மறுக்க வேண்டிய இடத்தில் மறுத்தே ஆக வேண்டும். மறுத்த பிறகு அவர் எங்கே போவார், இன்றிரவு எதை விழுங்குவார் என்பதும் மருந்தாளுநரின் வேலையில் சேர்ந்ததுதான். அந்த வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் அலமாரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் பென்சோடயசெபின்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: டயசெபாம், அல்பிரசோலாம், லோரசெபாம், குளோனசெபாம், நைட்ரசெபாம், குளோர்டயசெபாக்சைடு, ஆக்சசெபாம், டெமசெபாம். ஜோல்பிடெம், ஜோபிக்லோன், எஸ்ஜோபிக்லோன் ஆகியவை வேதியமைப்பில் வேறு என்றாலும் மூளையில் போய் உட்காரும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். "இது பழக்கமாகாத புது மாத்திரை" என்று இவற்றைப் பற்றிச் சொல்லாதீர்கள். அதிக அளவில் ஜோல்பிடெம் எடுத்துவந்தவர் திடீரென்று நிறுத்தி வலிப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

கவனம் தவறுவது கூட்டு மாத்திரைகளில்தான். வயிற்றுப் பிடிப்புக்குத் தரப்படும் கிளிடினியம் கூட்டில் குளோர்டயசெபாக்சைடு இருக்கிறது. மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் கூட்டிலும் அதே குளோர்டயசெபாக்சைடு உண்டு. சில நாடுகளில் எஸ்சிடாலோபிராமுடனும் புரோப்ரனலாலுடனும் குளோனசெபாம் சேர்ந்து வருகிறது. இவற்றை எடுப்பவர் "நான் தூக்க மாத்திரையே தொடுவதில்லை" என்று மனசாட்சியோடு சொல்வார். வாயுத் தொல்லை சரியாகிவிட்டதென்று ஆறு மாதமாக எடுத்த மாத்திரையை ஒரே நாளில் விட்டவருக்கு நாலாவது நாள் கை நடுங்கினால், யாருக்கும் காரணம் பிடிபடாது. புரோப்ரனலால் கூட்டில் சிக்கல் இரட்டிப்பு, ஏனென்றால் புரோப்ரனலாலையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடையில் உள்ள கூட்டு மாத்திரைகளின் அட்டையை ஒருமுறை புரட்டி, உள்ளே பென்சோடயசெபின் இருப்பவற்றைத் தனியே ஒரு தாளில் எழுதி உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அரை மணி நேர வேலை.

ஃபீனோபார்பிட்டல், பிரிகாபலின், கபாபென்டின், பாக்லோஃபென், கேரிசோபுரடால் ஆகியவை வேறு வேறு குடும்பம். ஆனாலும் திடீரென்று நிறுத்தினால் அடிக்கும் என்ற விஷயத்தில் இவையும் உறவுக்காரர்கள்தான். பாக்லோஃபெனை வெறும் தசைப்பிடிப்பு மருந்தாக மட்டும் பார்ப்பவர்கள் பலர். அதைச் சட்டென்று விட்டால் மாயக்காட்சியும் வலிப்பும் வரக்கூடும்.

உள்ளே என்ன நடக்கிறது

காபா என்ற வேதிப்பொருள்தான் மூளையின் கடிவாளம். பென்சோடயசெபின் காபாவின் வேலையைத் தானே செய்வதில்லை. காபா ஏற்பியில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, காபா வரும்போதெல்லாம் நரம்பணுவை அடக்கும் குளோரைடு வாசல் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. ஃபீனோபார்பிட்டல் போன்ற பார்பிச்சுரேட்டுகளோ அந்த வாசலை நீண்ட நேரம் திறந்தே வைக்கின்றன. அளவு மீறினால் அவை அதிக ஆபத்தாவதற்கு இதுவே காரணம். இப்படி வாரக்கணக்கில் இன்னொருவர் கடிவாளத்தைப் பிடித்திருந்தால் மூளை தன் பிடியைத் தளர்த்திக்கொள்கிறது, கிளர்ச்சியூட்டும் பக்கத்தை ஏற்றிக்கொள்கிறது. திடீரென்று மருந்து விலகினால் பிடிக்க ஆளில்லை. நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடைசியில் வலிப்பு.

இதை உடல் சார்புநிலை என்கிறோம். அடிமைத்தனம் வேறு. டாக்டர் எழுதியபடி இரவுக்கு ஒன்று, ஒரு மாத்திரைகூடக் கூடுதலாக எடுக்காத பாட்டிக்கும் உடல் சார்புநிலை வரும். அவரிடம் "அடிமையாயிட்டீங்க" என்று சொன்னால் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போவார். "உடம்பு இந்த மருந்துக்குப் பழகியிருக்கு, அதனால மெதுவாத்தான் இறங்கணும்" என்றால் கேட்பார். சொல்லும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது.

பிரிட்டனில் 1988 முதல் இருக்கும் அறிவுரை, இவ்வகை மருந்துகளை 2 முதல் 4 வாரத்துக்கு மேல் எழுத வேண்டாம் என்பது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல் எல்லா பென்சோடயசெபின்களின் கட்ட எச்சரிக்கையிலும் (கட்டம் கட்டி அச்சிடும் கடுமையான எச்சரிக்கை) சார்புநிலையையும் விலகல் அறிகுறிகளையும் (மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ வரும் தொந்தரவுகள்) சேர்த்தது. மார்ஃபின் வகை வலி மருந்துகளான ஓபியாய்டுகளோடு சேர்த்து எடுப்பதற்கு எதிரான எச்சரிக்கை 2016-லேயே வந்துவிட்டது, ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும். எச்சரிக்கை இருந்தும் வருடக்கணக்கில் எடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கடைக்கு வருவதும் அவர்கள்தான்.

கணக்குப் பார்ப்பது

ஒருவர் பழகிவிட்டாரா என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் பதிவில் மூன்று விஷயம் எழுதுங்கள்: மருந்தும் மி.கி. அளவும், எண்ணிக்கை, எந்தத் தேதியில் தீர வேண்டும் என்பது. அந்த மூன்றாவதைத்தான் யாரும் எழுதுவதில்லை. 30 மாத்திரை வாங்கியவர் 19-ஆம் நாளே வந்தால் ஒரு நாளைக்கு ஒன்றரைக்கும் கொஞ்சம் மேல் போகிறது என்று அர்த்தம். ஒருமுறை என்றால் ஊருக்குப் போயிருக்கலாம், ஸ்ட்ரிப் தொலைந்திருக்கலாம். மூன்று முறை தொடர்ந்தால் தாங்குதிறன் கூடியிருக்கிறது (பழைய அளவு போதவில்லை), அல்லது வீட்டில் இன்னொருவரும் அதையே எடுக்கிறார். இரண்டாவதைக் கேட்க மறந்துவிடாதீர்கள். கணவன் பெயரில் சீட்டு, எடுப்பது மனைவி என்பது அரிதல்ல.

வேறு அறிகுறிகளும் உண்டு. வெவ்வேறு டாக்டர்களின் சீட்டில் ஒரே மருந்து, பகல் நேரத்து டோஸ் புதிதாகச் சேர்வது, பிராண்டு மாறியதும் "இது வேலை செய்யலை" என்று திரும்பி வருவது. கடைசியாகச் சொன்னதைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். இறங்கிக்கொண்டிருப்பவருக்குத் தயாரிப்பு மாறும்போது சின்ன வித்தியாசமும் உறைக்கலாம். முடிந்தவரை ஒரே தயாரிப்பாளரின் மாத்திரையைக் கடைசிவரை கொடுங்கள்.

கேட்கும் விதம்

வரிசையில் ஆள் நிற்கும்போது கேட்காதீர்கள். ஓரமாக அழைத்துக் கேளுங்கள். கேள்விகள் நாலு போதும்.

"இதை எத்தனை நாளா எடுக்கறீங்க?"
"தினமுமா, தேவைப்பட்டா மட்டுமா?"
"ஒரு நாள் விட்டுப்போனா அடுத்த நாள் எப்படி இருக்கு?"
"இதோட வேற என்ன எடுக்கறீங்க? மது உண்டா, வலி மாத்திரை உண்டா?"

மூன்றாவது கேள்வியின் பதில்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். "ஒண்ணும் ஆகாது, தூக்கம் கொஞ்சம் லேட்டாகும்" என்பவர் வேறு. "கை உதறும், உள்ளுக்குள்ள ஏதோ ஓடற மாதிரி இருக்கும்" என்பவர் வேறு. அல்பிரசோலாம் எடுப்பவர்கள் சிலர் மாத்திரையே விடாமல் இதைச் சொல்வார்கள்: விடியற்காலையில் பதற்றத்தோடு எழுவது, மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் அடங்குவது. அது இரண்டு டோஸுக்கு நடுவே வரும் விலகல். நோய் கூடிவிட்டதென்று நினைத்து டோஸை ஏற்றினால் இதே சுழல் ஒரு படி மேலே போய்த் தொடரும். சீட்டில் டோஸ் ஏறும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் இது.

நிறுத்தலாமே என்ற பேச்சை மருந்தாளுநர் தொடங்கினால் பலன் உண்டா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 30 மருந்துக்கடைகளில், 65 வயதுக்கு மேற்பட்டு நீண்ட காலம் பென்சோடயசெபின் எடுத்த 303 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2014-இல் முடிவு வெளியானது. மருந்தின் ஆபத்தையும் படிப்படியாக இறங்கும் முறையையும் விளக்கும் கையேடு ஒன்றைப் பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் 6 மாதத்தில் முழுவதும் நிறுத்தியிருந்தார்கள். பெறாதவர்களில் 5 சதவீதம். 2018-இல் வெளியான அடுத்த ஆய்வில் மருந்தாளுநர் கையேட்டோடு நிற்காமல் டாக்டருக்கும் ஒரு குறிப்பு அனுப்பினார். தூக்க மாத்திரை வகைகளைப் பொறுத்தவரை நிறுத்தியவர்கள் 43 சதவீதம், மறுபக்கம் 9 சதவீதம். ஒரு தாளும் ஒரு குறிப்பும் செய்த வேலை இது.

டாக்டருக்கு எழுதும் குறிப்பு நாலு வரிக்கு மேல் போனால் படிக்கப்படாது. எவ்வளவு காலமாக எந்த மருந்து, உண்மையில் ஒரு நாளைக்கு எத்தனை மி.கி. போகிறது, என்ன தொந்தரவு (விழுந்தார், மறதி, வேறொரு மருந்தோடு மோதல்), நீங்கள் முன்வைக்கும் முதல் படி. "நிறுத்தவும்" என்று எழுதாதீர்கள். அவசரத்தில் படிப்பவர் அதையே உத்தரவாக்கி ஒரே நாளில் நிறுத்திவிடக்கூடும்.

விலகலா, பழைய நோயா

அல்பிரசோலாம், லோரசெபாம் போன்ற குறுகிய ஆயுள் மருந்துகளில் விட்ட ஒரு நாளுக்குள்ளேயே தொந்தரவு தொடங்கிவிடும். டயசெபாம் போல உடலில் நீண்ட நாள் தங்குபவற்றில் 3 வாரம்வரைகூடத் தள்ளிப்போகலாம். "நிறுத்தி பத்து நாளாச்சு, ஒண்ணும் ஆகலை, அப்புறம்தான் வந்துச்சு, அதனால இது மருந்தால இல்லை" என்று குடும்பத்தார் சொல்வார்கள். டயசெபாமில் அது அப்படித்தான் வரும்.

பிரித்தறிய உதவுவது அறிகுறிகளின் சாயல். பழைய பதற்ற நோய் திரும்பினால் பழைய முகத்தோடுதான் திரும்பும், மெல்ல மெல்ல. விலகலில் முன்பு எப்போதும் இல்லாதவை வரும்: வாயில் உலோகச் சுவை, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுவது, பாத்திரச் சத்தம் காதைப் பிளப்பது, தான் தானாக இல்லாதது போன்ற உணர்வு. ஒரு நாள் நன்றாக இருந்து மறுநாள் அலைபோல அடிப்பதும் இதன் குணம். நிறுத்தியதும் சில நாள் தூக்கமின்மை முன்பைவிட மோசமாக வந்து பிறகு தணிவது மூன்றாவது வகை, பழைய அறிகுறியே எகிறிக் குதிப்பது. இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் மூன்றாவது இரவே மாத்திரைக்குத் திரும்பிவிடுவார்கள்.

வலிப்பு, குழப்பம், இல்லாததைக் காண்பது, காய்ச்சலோடு கொட்டும் வியர்வை, தற்கொலைப் பேச்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக்கடையில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. நேராக மருத்துவமனை. கூட வருபவரிடம் எந்த மருந்து, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். பழகிய உடலில், பென்சோடயசெபினை முறிக்கும் ஃபுளுமசெனில் ஊசி போட்டால் அதுவே வலிப்பைக் கிளப்பும். அந்தத் துண்டுத் தாள் அங்கே உதவும்.

இறங்கும் திட்டத்தைச் சரிபார்ப்பது

திட்டம் போடுவது டாக்டர். கணக்கைச் சரிபார்ப்பதும் அது நடைமுறையில் ஓடுமா என்று பார்ப்பதும் நீங்கள். அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆரம்பத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம், 2 வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. இங்கே சதவீதம் என்பது அப்போது எடுத்துக்கொண்டிருக்கும் அளவில். தொடக்க அளவில் என்று எடுத்துக்கொண்டால் கடைசிப் படிகள் செங்குத்தாகிவிடும்.

சில டாக்டர்கள் குறுகிய ஆயுள் மருந்திலிருந்து டயசெபாமுக்கு மாற்றி அதன் பிறகு இறக்குவார்கள். டயசெபாம் 10 மி.கி.க்கு ஏறத்தாழ இணையானவை:

அல்பிரசோலாம் 0.5 மி.கி.
குளோனசெபாம் 0.5 மி.கி.
லோரசெபாம் 1 மி.கி.
நைட்ரசெபாம் 10 மி.கி.
ஆக்சசெபாம் 20 மி.கி.
டெமசெபாம் 20 மி.கி.
குளோர்டயசெபாக்சைடு 25 மி.கி.

ஏறத்தாழ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அட்டவணைக்கு அட்டவணை எண் மாறும், குளோனசெபாமில் அதிகமாகவே மாறும். ஆளுக்கு ஆளும் மாறும். அதனால் மாற்றத்தை ஒரே நாளில் செய்வதில்லை. ஒவ்வொரு வேளையாக மாற்றி ஒரு வாரமாவது எடுத்துக்கொள்கிறார்கள், பெரும்பாலும் இரவு டோஸிலிருந்து தொடங்கி. கல்லீரல் பழுதானவருக்கும் மிக வயதானவருக்கும் டயசெபாம் உடலில் தேங்கும். அவர்களுக்கு இந்த மாற்றம் எழுதப்பட்டிருந்தால் டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். லோரசெபாம், ஆக்சசெபாம், டெமசெபாம் மூன்றும் கல்லீரலில் எளிய வழியில் கழிவதால் அங்கே ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. மாற்றாமல் எடுக்கும் மருந்தையே குறைத்துக்கொண்டு வருவதும் செல்லும் வழிதான்.

ஒரு கணக்கு. அல்பிரசோலாம் 0.5 மி.கி. மூன்று வேளை எடுப்பவர், நாளுக்கு 1.5 மி.கி. அது டயசெபாம் 30 மி.கி. மாற்றி முடித்தபின் இரண்டு வாரத்துக்கு ஒரு படி என்று வைப்போம். 30-இலிருந்து 27, 24, 22, 20: நாலு படி. பிறகு 2 மி.கி. வீதம் 10 வரை ஐந்து படி. 10-இலிருந்து 5 வரை 1 மி.கி. வீதம் ஐந்து படி. 5-க்குக் கீழே அரை மி.கி. வீதம் பத்துப் படி. மொத்தம் 24 படி, 48 வாரம். முதலிலேயே இதைச் சொல்லிவிட்டால் ஆள் மிரள்வார் என்று பயந்து "ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும்" என்பவர்கள் உண்டு. இரண்டாவது மாத முடிவில் 20 மி.கி.யில் நிற்கும்போது அவர் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார். உண்மையைச் சொல்வதே நல்லது. கூடவே அவசரமில்லை என்றும் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கில் இடறும் இடங்கள் இரண்டு. 12-இலிருந்து 10-க்கு இறங்குவது 2 மி.கி. தான் என்றாலும் சதவீதத்தில் 17-ஐ நெருங்குகிறது. அங்கே திணறினால் 11-இல் ஒரு படி சேர்க்கச் சொல்லலாம். இன்னொன்று கடைசி. 1-இலிருந்து அரைக்கு இறங்குவது பாதியை வெட்டுவது. "இவ்வளவு சின்ன டோஸ்தானே" என்று அங்கே ஒரேயடியாக விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், திரும்பி வருபவர்களும் அவர்களே.

படி தாங்காவிட்டால் அந்தப் படியிலேயே இன்னும் இரண்டு வாரமோ நாலு வாரமோ நிற்கலாம். மிகவும் முடியாவிட்டால் ஒரு படி மேலே. முதல் படிக்கே திரும்ப வேண்டியதில்லை.

ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுக்கும் முறை காகிதத்தில் அழகாக இருக்கும், உடம்பில் வேலை செய்யாது. அல்பிரசோலாமின் அரை ஆயுள் (இரத்தத்தில் அளவு பாதியாகக் குறையும் நேரம்) ஏறத்தாழ 11 மணி நேரம். 48 மணி நேர இடைவெளியில் நாலு அரை ஆயுளுக்கு மேல் கடந்துவிடுவதால் இரத்தத்தில் 5 சதவீதம்போலத்தான் மிஞ்சும். இரண்டு நாளைக்கு ஒருமுறை முழு விலகலும் முழு டோஸும் மாறி மாறி. தினமும் எடுப்பது, அளவைக் குறைப்பது. அதுதான் முறை.

மாத்திரையை உடைப்பது

மி.கி. வேறுபட்ட மாத்திரைகளை எத்தனை குறைவாகக் கலக்கிறீர்களோ அத்தனை நல்லது. 18 மி.கி.க்கு 5 மி.கி. இரண்டும் 2 மி.கி. நாலும் போதும். 14 நாளுக்கு 28-ம் 56-ம். இதில் 10 மி.கி. மாத்திரையையும் சேர்த்தால் ஒரு நாள் 2-க்குப் பதில் 10 வாய்க்குள் போய்விடும். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பொட்டலம் கட்டித் தேதி எழுதிக் கொடுப்பது கொஞ்சம் சள்ளைதான், ஆனால் பிழை வெகுவாகக் குறையும்.

2 மி.கி. மாத்திரையில் கோடு இருந்தால் பாதி 1, கால் 0.5. கத்தியால் அல்ல, மாத்திரை வெட்டும் கருவியால். மொத்தமாக வெட்டிவைக்க வேண்டாம், ஒரு மாத்திரையை வெட்டி அதன் துண்டுகள் தீர்ந்தபின் அடுத்தது. ஒரு துண்டு சற்றுப் பெரிதானாலும் மறுநாள் சிறியது ஈடுகட்டும். மெல்ல வெளிவிடும் அல்பிரசோலாமையும் அதே வகை ஜோல்பிடெமையும் எக்காரணம் கொண்டும் உடைக்கக் கூடாது. இரவு முழுக்கப் பரவ வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும். இறக்க வேண்டுமென்றால் முதலில் சாதாரண மாத்திரைக்கு மாற்ற வேண்டும், அதற்கு டாக்டர் எழுத வேண்டும்.

வீட்டில் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துச் சிரிஞ்சில் அளந்து குறைப்பதாகச் சிலர் வருவார்கள். டயசெபாம், குளோனசெபாம், லோரசெபாம் மூன்றும் தண்ணீரில் அநேகமாகக் கரையாதவை. தூள் அடியில் தங்கும், மேலே எடுப்பது வெறும் தண்ணீர், கடைசி மி.லி.யில் முழு மருந்தும். அவ்வளவு நுணுக்கமாகக் குறைக்க வேண்டுமென்றால் தயாராகக் கிடைக்கும் டயசெபாம் திரவம் நல்லது. பாட்டிலில் 5 மி.லி.க்கு எத்தனை மி.கி. என்பதை ஒவ்வொரு முறையும் படியுங்கள், 2 மி.கி.யும் உண்டு, 5 மி.கி.யும் உண்டு.

எழுத்துப் பிழையும் இங்கே உயிரோடு விளையாடும். முன்னால் சுழியம் இல்லாமல் .5 என்று எழுதியது 5 ஆகப் படிக்கப்படும். குளோனசெபாமும் இரத்த அழுத்த மருந்தான குளோனிடினும் பெயரில் உரசுகின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நடுவில் வந்து கெடுப்பவை

டோஸ் மாறவில்லை, மாத்திரையும் விடவில்லை, ஆனால் விலகல் வந்துவிட்டது. அப்போது புதிதாக என்ன சேர்ந்தது என்று பாருங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான கார்பமசெபினும் கல்லீரலின் சிதைக்கும் வேகத்தைக் கூட்டி அல்பிரசோலாம் அளவைத் தரையிறக்கும். அது ஒரு நாளில் நடக்காது, ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல நடக்கும். அதனால் காசநோய் மருந்தோடு யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள்.

எதிர்ப்பக்கம் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், இட்ரகொனசோல், கீட்டோகொனசோல், ரிட்டோனாவிர். இவை அல்பிரசோலாமை ஏற்றிவிடும். ஆள் தள்ளாடுவார். ஏழு நாள் கிளாரித்ரோமைசின் முடிந்ததும் அளவு பழையபடி இறங்கும், அந்த இறக்கமே விலகல் போல உறைக்கும். டயசெபாமை ஒமெப்ரசோல் சற்று ஏற்றும். லோரசெபாம் இந்தச் சண்டைகளில் பெரும்பாலும் அகப்படாது.

இறங்கிக்கொண்டிருக்கும் நாட்களில் வலிப்பு எளிதில் வரச்செய்யும் மருந்துகளைக் கண்டால் கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்: டிராமடால், பியூப்ரோபியான், சிப்ரோஃபிளாக்சசின் முதலான குவினோலோன்கள். மது தனி ஆபத்து. மருந்து குறையக் குறைய அந்த இடத்தை மதுவால் நிரப்பிக்கொள்பவர்கள் உண்டு.

ஸ்டாக் இல்லாத நாள்

பழகியவருக்கு "வெள்ளிக்கிழமை வரும், அப்ப வாங்க" என்பது பதிலே அல்ல. இன்றிரவு டோஸ் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்துக் கடைகளை நீங்களே கூப்பிட்டு ஸ்டாக் கேளுங்கள். எங்கும் இல்லையென்றால் எழுதிய டாக்டரைப் பிடித்து, இணையான வேறொரு மருந்துக்குப் புதுச் சீட்டு வாங்குங்கள். நீங்களாக வேறு பென்சோடயசெபினை எடுத்துக் கொடுக்காதீர்கள். டாக்டர் கிடைக்காமல், சட்டம் அவசர வழங்கலை அனுமதித்தால், அடுத்த சந்திப்புவரைக்கும் போதுமான சிறு எண்ணிக்கை. அதுவும் இயலாதென்றால் அவசரப் பிரிவுக்கு, உங்கள் பதிவின் நகலோடு.

சீட்டில்லாமல் வந்த முதல் வாசகக்காரருக்கும் இதே வரிசைதான். பழைய பதிவு இருக்கிறதா, கடைசி மாத்திரை எப்போது, இன்று டாக்டரை எட்ட முடியுமா. மறுத்தாலும் விலகல் அறிகுறிகளைச் சொல்லி, எதற்கு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

தொடவே கூடாதவர்கள்

வலிப்பு நோய்க்குக் குளோபசாமோ குளோனசெபாமோ எடுப்பவரிடம் குறைக்கும் பேச்சை எடுக்காதீர்கள், அது நரம்பியல் மருத்துவரின் களம். கர்ப்பிணி பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிட்டு வந்தால் அன்றே டாக்டரிடம் பேச வையுங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், நிறையக் குடிப்பவர், மிக அதிக அளவு எடுப்பவர் ஆகியோருக்கு வீட்டில் இறங்கும் திட்டம் பொருந்தாது. மருத்துவமனையில்தான்.

தூக்கத்துக்கு என்ன கொடுப்பது

இறங்கும் நாட்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் போன்ற அலர்ஜி மருந்துகளைத் தூக்கத்துக்கென்று நீட்டுவது எளிது. வயதானவருக்கு அது மறதி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு என்று வேறு வழியில் பழிவாங்கும். படபடப்புக்குப் புரோப்ரனலால் எழுதப்பட்டால் படபடப்பை அடக்கும், ஆனால் வலிப்பைத் தடுக்காது. நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவது மாத்திரையே அல்ல, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அதில் கவுண்டரிலேயே சொல்லக்கூடிய துண்டுகள் உண்டு: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராமல் புரண்டால் படுக்கையை விட்டு எழுந்து வேறிடத்தில் உட்கார்வது, பகல் தூக்கத்தை விடுவது. "காபியைக் குறைங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் போதாது.

கடைசி அரை மி.கி. முடிந்த பிறகும் பதிவை மூடிவிடாதீர்கள். மூன்று வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு என்று தேதி குறித்துக்கொள்ளுங்கள், டயசெபாமின் விலகல் அதுவரை தலைகாட்டலாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்ட்ரிப்களையும் வெட்டிய துண்டுகளையும் கொண்டுவரச் சொல்லி வாங்கி, உங்கள் ஊரின் விதிப்படி அழித்துவிடுங்கள். பழைய டோஸில் ஒன்று அலமாரியில் கிடந்தால் ஏதோ ஒரு மோசமான இரவில் அது வாய்க்குள் போகும். மருந்து உடம்பை விட்டு முழுவதும் நீங்கியபின் தாங்குதிறனும் போயிருக்கும். முன்பு சாதாரணமாக எடுத்த அளவே இப்போது அவரைக் குளியலறையில் விழவைக்கப் போதும்.